குளத்து வாயுவும் வெள்ளை மாவும்

என் மகன் கதிர் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறான். போன மாதம் வகுப்பில் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். இவன் எழுந்து, "எங்கப்பா கிருமிக்குச் சோறு போட்டாரு டீச்சர். இப்ப ரிட்டையர் ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்ததும் என்னோடு சண்டை.

"உண்மையத்தானே சொன்னேன். அப்புறம் ஏம்ப்பா சிரிக்கிறாங்க?"

உண்மைதான். ஒரு வரியில் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். அதனால் முழுசாக எழுதுகிறேன். கதிருக்கும் அவன் அக்காவுக்கும், அன்றைக்குச் சிரித்த பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பெரிய பெரிய வார்த்தை எனக்கு வராது. கண்ணால் கண்டதை, கையால் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

மலாக்காவில் ஜாசினுக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் உரம் போட்டவன் நான். அந்த வேலையில் முதலில் பழகுவது கண்தான். மட்டை வெளுத்துப்போய் இருந்தால் மரம் பசியில் இருக்கிறது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, மோட்டார் சைக்கிளில் போகும்போதே தெரிந்துவிடும். இறங்கி, மரத்தைச் சுற்றி வட்டமாக உரத்தை வீசிவிட்டு வருவோம். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் மட்டை கரும்பச்சையாக நிற்கும். அதைப் பார்த்தால், ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டதுபோல இருக்கும் எனக்கு.

தோட்டத்திலேயே ஒரு செம்பனை ஆலை இருந்தது. பழக்குலையை அவித்துப் பிழிந்தால் எண்ணெய் வரும். அதோடு கழிவுத் தண்ணீரும் நிறைய வரும். பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, சூடாக. அதைப் பெரிய பெரிய குளங்களில் விட்டிருந்தார்கள். அந்தக் குளம் ஓயாமல் குமிழி விடும். அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கழிவைத் தின்று மீத்தேன் என்ற வாயுவை வெளியே விடுகின்றன. அந்த வாயு சும்மா வானத்துக்குப் போனால் பூமியின் சூட்டைக் கூட்டிவிடும். பிறகு குளத்தின் மேல் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அது எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி நின்றது. உள்ளே சேர்ந்த வாயுவைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் எரித்தார்கள். இரவு பகலாக ஒரு நெருப்பு யாருக்கும் பயன்படாமல் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த வாயுவைத் தின்னும் உயிர்களும் உலகத்தில் இருக்கின்றன, அவை அதைத் தின்று உடம்புக்குள் பிளாஸ்டிக் செய்கின்றன, அந்தப் பிளாஸ்டிக் மண்ணில் போட்டால் மக்கிப்போகும் என்று ஒரு நிறுவனம் வந்தது. ஆலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எஃகுத் தொட்டியை நிறுத்தியது. குளத்து நாற்றம் பழகிய ஆள் வேண்டும் என்று தோட்டத்தில் கேட்டார்கள். நானும் செல்வமும் போனோம். செல்வம் என்னைவிடப் பத்து வயது இளையவன், முன்பு செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், வாய் ஓயாதவன். எங்களை மூன்று மாதம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நான் பாதி நேரம் தூக்கத்தோடு போராடினேன். வேலையைக் கற்றுக்கொண்டது தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான்.

கற்றுக்கொடுத்தவர் டாக்டர் சாரதா. மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்த சிலோன் தமிழ்க் குடும்பம். நாங்கள் 'அண்ணே' என்போம், அவர் 'அண்ணை' என்பார். நாங்கள் 'ஆமா' என்போம், அவர் 'ஓம்' என்பார். முதல் வாரம் செல்வம் என் காதில், "என்னா அண்ணே, எதக் கேட்டாலும் மந்திரம் சொல்றாங்க" என்றான். அவருக்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். "ஓம் செல்வம், மந்திரம்தான். நீங்களும் சொல்லப் பழகுங்கோ" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலையைச் சொன்னாலும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்வார். சொல்லிவிட்டுப் போகமாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்து எங்கள் பக்கம் நீட்டி, "இப்ப எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ" என்பார். நாங்கள் சொல்ல வேண்டும், காரணத்தோடு. தப்பு வந்தால் முகம் சுளிக்கமாட்டார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த வயதில் ஒரு பெண்மணி முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

காலை ஏழு மணிக்கு என் முறை. சட்டைக் காலரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொள்வேன். வாயு கசிந்தால் அது கீச் கீச் என்று கத்தும். கைப்பேசி வெளியே. இரும்பு ஸ்பானர் வெளியே, ஏனென்றால் உரசினால் பொறி பறக்கும். பித்தளை ஸ்பானர் மட்டும் உள்ளே வரலாம். குளத்து வாயுவில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் விஷம் ஒன்று கலந்திருக்கும். அதைக் கழுவி எடுக்கும் தூணை முதலில் பார்க்க வேண்டும். பிறகு வாயுக் குழாய், பிறகு காற்றுக் குழாய். இரண்டும் தனித்தனியாகத்தான் தொட்டிக்குள் போகும். வெளியே ஒன்றாகச் சேர்ந்தால் வெடிக்கும். உள்ளே தண்ணீரில் அவை மயிர்போல மெல்லிய குமிழியாக மேலே ஏறும்போது, அந்த உயிர்கள் பிடித்துத் தின்றுவிடும்.

கடைசியாக மாதிரி எடுப்பது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் கோப்பையைக் கொட்டிவிட்டு, இரண்டாவதைக் கண்ணாடிக் குழலில் பிடிக்க வேண்டும். நன்றாக வளர்ந்திருந்தால் அது சிராப் பாண்டோங் நிறத்தில் இருக்கும். ரோஸ் சிராப்பில் பால் ஊற்றிக் குடிப்போமே, அதே நிறம்.

தொட்டி வேலை தொடங்கும் முன் டாக்டர் தன் ஆய்வு அறையில் சின்னக் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் வளர்த்துப் பார்த்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ஒரு துளியில் ஏதோ சாயம் கலந்து, அறையின் திரையை இழுத்து மூடிவிட்டு, "பாருங்கோ" என்று மைக்ராஸ்கோப்புக்கு வழிவிட்டார். முதலில் கறுப்பு. கண் பழகியதும் பார்த்தேன். சின்னச் சின்ன நீள உருண்டைகள், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் செம்மஞ்சள் நிறத்தில் நாலைந்து பொட்டு, தகதகவென்று. சாயங்காலம் நெடுஞ்சாலையில் வரும்போது செங் ஊர் அடுக்குமாடி ஜன்னல்களில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு முழு ஊர் அந்த ஒரு துளிக்குள் இருந்தது.

"அந்த வெளிச்சம் இருக்கிற இடமெல்லாம் பிளாஸ்டிக் அண்ணை" என்றார்.

பத்தொன்பது வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன குளம் அது. அதன் நாற்றத்துக்குள்ளிருந்து இப்படி ஒரு விளக்கா? வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல கைய நல்லா கழுவிட்டு வந்து உட்காருங்க" என்றாள்.

பெரிய தொட்டியில் முதல் வளர்ப்பு ஆரம்பமானது. அதற்கு ஒரு கெடு இருந்தது. தொட்டியை வைத்த நிறுவனத்தின் பெரியவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. பெரிய தொட்டியில் செய்த பிளாஸ்டிக் மாவை அவர்கள் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் தொட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் செல்வமும் தோட்டத்துக்கே திரும்பலாம். டாக்டருக்குத் திரும்ப இடமில்லை. அவருடைய எட்டு வருஷ உழைப்பு அந்த எஃகுத் தொட்டிக்குள்தான் இருந்தது.

ஐந்து நாள் வாயுவும் காற்றும், கூடவே உரக் கரைசலும் கொடுத்தோம். அந்த உயிர்கள் பெருகுவதற்கும் உரம் வேண்டும், செம்பனைக்கு வேண்டியது மாதிரியே. தொட்டி நல்ல பாண்டோங் நிறத்துக்கு வந்தது, நுரை பொங்கியது. ஆறாம் நாள் புதன்கிழமை காலை டாக்டர் அவசரமாக வந்தார். டவுனில் இரண்டு நாள் கூட்டம், வாசலில் கார் காத்திருந்தது, கைப்பேசியும் விடாமல் அடித்தது. "அண்ணை, உர வால்வை இப்ப மூடுங்கோ. வெள்ளி காலையில நான் வரும் வரை திறக்க வேண்டாம். வாயுவும் காற்றும் மட்டும் போகட்டும்" என்றார். போய்விட்டார். அன்றைக்குக் காரணம் சொல்லவில்லை, பென்சிலை நீட்டவும் இல்லை.

நான் மூடினேன்.

வியாழக்கிழமை காலை ஏணியில் ஏறிக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். நுரை அடங்கிக் கிடந்தது. ரோஸ் நிறம் போய், பார்லித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெளுத்தால் பசி. அது என் மண்டைக்குள் இருந்த பாடம் இல்லை பிள்ளைகளே, கைக்குள் இருந்த பாடம். சாகிறதே என்று பதறினேன். வெளியே ஓடிப்போய் டாக்டருக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் ஏறிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வெளுத்தது மாதிரி இருந்தது.

உர வால்வைத் திறந்தேன். பத்து நிமிஷம்தான். குறிப்பேட்டில் எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் நிறம் திரும்ப ஆரம்பித்தது. செல்வம் வந்து முறையை ஏற்றுக்கொண்டபோது நுரைகூடப் பொங்கியிருந்தது. நான் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மெர்லிமாவ் ஊர்ப் பக்கம் சுற்றிப்போய் உங்களுக்கு வாழைப்பழப் பலகாரம் வாங்கி வந்தேன். கதிருக்கு ஞாபகம் இருக்கும்.

வெள்ளி காலை டாக்டர் வந்தார். நான் பிடித்துக் கொடுத்த மாதிரியின் நிறத்தைப் பார்த்ததுமே அவர் புருவம் சுருங்கியது. திரையை இழுத்தார். சாயம் கலந்தார். பார்த்தார். இன்னொரு துளி, அதையும் பார்த்தார். மூன்றாவது துளிக்குப் பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒண்டும் இல்லை" என்றார். "ஒரு வெளிச்சமும் இல்லை."

செல்வமும் அங்கே இருந்தான். போன மாதம் ஒரு வால்வைச் சரியாக மூடாமல் போய்த் திட்டு வாங்கியவன் அவன். டாக்டர் அவனைத்தான் முதலில் பார்த்தார். குரல் உயரவில்லை.

"செல்வம், நேற்றுப் பின்னேரம் உர வால்வைத் தொட்டனீங்களா?"

"ஐயோ மேடம், சத்தியமா இல்ல! நான் அந்தப் பக்கமே போகல லா. வேணும்னா அண்ணன கேளுங்க."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. செல்வத்தின் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான், "நான்தான் மேடம். நேத்து காலையில. வெளுத்துப் போச்சு, செத்துரும்னு நெனச்சு..." என்றேன்.

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே..." என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகம் சுட்டது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"புதன்கிழமை நான் உங்களைத் திருப்பிச் சொல்ல வைக்கேல்லை. அது என்ர பிழை. இப்ப சொல்லுறன், கேளுங்கோ. வாயு அதுகளுக்குச் சாப்பாடு. உரம் இருந்தால்தான் பெருகும். சாப்பாடு நிறைய இருக்கு, உரம் இல்லை எண்டால் பெருக ஏலாது. அப்ப என்ன செய்யும்? சாப்பாட்டை வீணாக்காது. மாவாக்கி வயிற்றுக்குள்ள சேர்த்து வைக்கும், நாளைக்கு உதவும் எண்டு. அந்த மாவுதான் பிளாஸ்டிக். வெளுத்தது சாகிறதுக்கில்லை அண்ணை. உள்ளுக்கு வெள்ளை நிறைஞ்சதால வெளுத்தது."

அவர் பென்சிலால் மாதிரிக் குழலைத் தட்டினார்.

"நீங்கள் உரம் குடுத்ததும், அந்த 'நாளைக்கு' இப்பவே வந்திட்டுது எண்டு நினைச்சிட்டுதுகள். சேர்த்து வைச்சதை எல்லாம் எடுத்துச் சாப்பிட்டு, குட்டி போட்டிட்டுதுகள்."

ஒரே நாளில். பிளாஸ்டிக்கை. நம்ம வீட்டுப் பின்னால் காண்டாவில், அந்தச் சாக்கடைக்குள், கிடக்கும் பிளாஸ்டிக் பை நாம் அங்கே குடிவரும் முன்பிருந்தே கிடக்கிறது, என் பேரப்பிள்ளை காலத்திலும் கிடக்கும். இவை ஒரு தொட்டிப் பிளாஸ்டிக்கைச் செய்து, ஒரே நாளில் அதையே தின்று தீர்த்திருக்கின்றன. செய்த தப்பின் பயத்துக்கு நடுவிலும் எனக்கு மெய் சிலிர்த்தது.

டாக்டர் கணக்குப் போட்டார். நான் கொடுத்த உரம் சனிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மறுபடி பசி. இப்போது அந்த உயிர்களின் கூட்டமும் பெருகியிருக்கிறது. ஞாயிறு முழுக்க, திங்கள் மத்தியானம் வரை பசியில் விட்டால் மாவு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உர வால்வுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து மாட்டினார். சாவியை என்னிடம் நீட்டினார்.

"எங்கிட்டயா மேடம்?"

"உங்களிட்டத்தான்."

"ஐயோ மேடம், பூனைகிட்டயே மீனா?" என்றான் செல்வம். வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை. என் வேலைக்காலத்தில் அதைவிட நீளமான பகல் இல்லை. காலையில் நுரை அடங்கியது. பத்து மணிக்கு ரோஸ் நிறம் மங்கியது. மத்தியானம் பார்லித் தண்ணீர். ஏறிப் பார்ப்பேன், இறங்குவேன். கை பரபரக்கும். காரணம் தெரிந்த பிறகும் கைக்குத் தெரியவில்லை. செல்வம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "அண்ணே, கைய பாக்கெட்டுல வச்சுக்குங்க. இல்லன்னா நான் கட்டிப் போட்ருவேன்" என்றான்.

"டேய், பாவமா இருக்குடா."

"பாவம் நம்ம டாக்டர்தான் அண்ணே. நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். குமிழி ஏறும் மெல்லிய இரைச்சல். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான வாய்கள், வளர வழியில்லாவிட்டாலும் மனம் தளராமல் நாளைக்கென்று சேர்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கோயிலில் உட்காரும்போது வராத ஓர் அமைதி அன்றைக்கு எனக்கு அந்தத் தொட்டிக்கு முன்னால் வந்தது.

திங்கள் மத்தியானம் டாக்டர் திரையை இழுத்தார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் பார்த்தேன். பொட்டுப் பொட்டாக இல்லை. வயிறு முழுக்க ஒரே வெளிச்சம். எங்கும் இருட்டுக்கு இடமில்லை.

அதன் பிறகு நிற்க நேரமில்லை. தொட்டித் தண்ணீரில் அடுத்த வளர்ப்புக்கு விதையாகக் கொஞ்சம் விட்டுவிட்டு மற்றதை இறக்கினோம். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டு, தயிர் மாதிரி அடியில் தங்கியதைச் சுரண்டி எடுத்தோம். அதை உடைத்து, கழுவி, மறுபடி கழுவி, தட்டில் பரப்பிக் காயவைத்தோம். செவ்வாய் காலை டாக்டர் தட்டை எடுத்தபோது அதில் வெள்ளை மாவு இருந்தது. புட்டுக்கு இடித்த அரிசி மாவு மாதிரி, மணமே இல்லாமல். அந்தக் குளத்து நாற்றம் எங்கே போனது என்று நான் முகர்ந்து முகர்ந்து பார்த்தேன்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவர் நரைத்த தலை மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். மாவை விரலில் தேய்த்துப் பார்த்தார். டாக்டர் அதில் கொஞ்சத்தைச் சூட்டில் அழுத்தி ஒரு சின்னத் தகடாக்கிக் கொடுத்தார். அவர் அதை வளைத்தார், தட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மக்கிப்போகும் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள்" என்றார் மலாயில். "யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

டாக்டர் கையில் எத்தனையோ அறிக்கைகள் இருந்தன. அவர் அவற்றை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மணியம் அண்ணை, நடந்ததைச் சொல்லுங்கோ."

சொன்னால் என் தப்பு வெளியே வரும். வந்தவர்களுக்கு முன்னால், அதுவும் தொட்டியின் தலைவிதி அவர்கள் கையில் இருக்கும்போது. ஆனால் அவர் கேட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். வெளுத்ததைச் சொன்னேன், பதறியதைச் சொன்னேன், வால்வைத் திறந்ததைச் சொன்னேன். தொட்டியில் சேர்ந்திருந்த மாவையெல்லாம் அவையே தின்றுவிட்டதைச் சொன்னேன்.

"எவ்வளவு நாளில்?" என்று கேட்டார் அவர்.

"சத்து ஹாரி, துவான். ஹாபிஸ்" என்றேன். ஒரே நாள், ஐயா. தீர்ந்துபோச்சு.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். "ஒரே நாள்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக. தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட வந்தவர்களிடம், தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். கார் கிளம்பிப் போனது.

செல்வம் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த அடி அது, வாங்கிக்கொண்டேன். டாக்டர் ஏணியில் ஏறிக் கண்ணாடித் துளையில் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் விதைக்கு விட்ட கொஞ்சம் தண்ணீர், வெளுத்துப்போய், பசியோடு இருந்தது. மேலேயிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, இப்ப உரம் போடுங்கோ."

பூட்டைத் திறந்தேன். வால்வில் கை வைத்துவிட்டு, திருகாமல் நின்றேன்.

"திருப்பிச் சொல்லட்டுமா மேடம்?" என்றேன். "எதுக்குப் போடறோம்னு?"

"ஓம்" என்றார், ஏணியிலிருந்து இறங்காமலேயே. "சொல்லுங்கோ."

சொன்னேன். சொல்லிவிட்டுத் திருகினேன்.